ஆரோ ஏத்திக்கொண்டு போவினம்

அஜந்தினி பொறுப்பாளர் ஆனபோது குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

பிராண்டே என்ற சின்ன டெனிஷ் ஊரில், கொமூன் எனப்படும் நகரசபையின் மண்டபத்தில் இயங்கும் இளந்தளிர் தமிழ் மன்றத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு ஒரு மரபு உண்டு. பெரிய பதவிகளுக்கு அடிபாடு நடக்கும். சின்னப் பதவிகள், அந்த நேரத்தில் மண்டபத்துக்குள் இல்லாதவர்களைத் தேடிப் போய்ச் சேரும். முந்திய வருடம் ஒரு மனிதர் வெளியே கார் நிறுத்த இடம் பார்த்துக்கொண்டிருக்கையில் விளையாட்டுத் துறைச் செயலாளர் ஆகிவிட்டார். இன்றுவரை அவருக்கு எந்த விளையாட்டும் தெரியாது. அஜந்தினி தட்டத்தோடு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வர, எல்லாரும் கைதட்டினார்கள். தேத்தண்ணிக்கு இவ்வளவு மரியாதையா என்று அவள் ஒரு கணம் நெகிழ்ந்துதான் போனாள்.

“பிள்ளை, இனி நீதான் சிறுவர் பாதுகாப்புப் பொறுப்பாளர்,” என்றார் தலைவர் பஸ்தியாம்பிள்ளை, கோப்பையை எடுத்துக்கொண்டே.

“அதுக்கு என்ன வேலை அண்ணை?”

“ஒரு வேலையும் இல்லை. கொமூன் ஹோலைச் சும்மா தருகுது. அதுக்கு ஒரு பேர் கேக்குது. உன்ர பேர் வடிவான பேர்.”

“உங்கட பேருக்கு என்ன குறை?”

“என்ர பேரை டெனிஷ்காரர் வாசிச்சு முடிக்கிறதுக்கிடையில ஹோலைப் பூட்டிப்போடுவினம்.”

பேர் மட்டும்தான் என்று சொல்லித் தரப்பட்ட பதவியை வேலையாக்கிக்கொள்வது அஜந்தினியின் பிறவிக்குணம். பல் வைத்தியரிடம் உதவியாளராக இருப்பவள். யாராவது வாயைத் திறந்தால் கடைவாய்ப் பல்வரைக்கும் பார்க்காமல் விடமாட்டாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பிள்ளைகளோடு பழகுகிற பெரியவர்கள் எல்லாருக்கும் பொலிசிடமிருந்து ‘போர்ன அத்தெஸ்ட்’ எடுக்கவேண்டும் என்று விசாரித்து அறிந்தாள். பிள்ளைகளுக்கு எதிரான குற்றம் எதுவும் இவர்மேல் இல்லை என்று சொல்லும் சான்று அது.

அரிச்சுவடி வகுப்பு எடுக்கும் குருசுமுத்து கொதித்துப்போனார். “முப்பது வரியமா இந்த நாட்டுக்கு வரி கட்டுறன். என்னைப் பற்றிப் பொலிசிட்டை விசாரிக்கிறியோ?” சான்று வந்தபோது, குற்றம் ஏதுமில்லை என்றிருந்தது. அவரே அதைப் படம்பிடித்து வட்ஸ்அப் குழுவில் போட்டார். பிறந்தநாளுக்குக்கூட அவருக்கு அவ்வளவு வாழ்த்து வந்ததில்லை. அத்தோடு மன்றத்தில் பிள்ளைகளின் பாதுகாப்பு பூரணமாகிவிட்டது என்பது பொதுக்கருத்து. அஜந்தினியின் கருத்தும் அதுவே.

பிராண்டேயில் பஸ் என்பது தூரத்துச் சொந்தக்காரரைப் போல. இருக்கிறார் என்று தெரியும், தேவைப்படுகிற நேரத்தில் வரமாட்டார். ஆகவே எல்லாருக்கும் கார்தான் கதி. வகுப்பு ஒரு மணிக்கு முடியும். முடிந்ததும் எந்தக் காரின் கதவு திறந்திருக்கிறதோ அந்தக் காரில் பிள்ளைகள் ஏறுவார்கள். ஓட்டுகிறவர் யாராக இருந்தாலும் மாமா, பக்கத்தில் இருப்பவர் மாமி. எந்தப் பிள்ளையை யார் ஏற்றுவது என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் அது நம்பிக்கைக் குறைவு. ‘ஆரோ ஏத்திக்கொண்டு போவினம்’ என்று அந்த யாரோவின்மேல் விட்டுவிடுவார்கள். உண்மையைச் சொன்னால் மன்றத்தில் எல்லாராலும் அதிகம் நம்பப்பட்டவர் இந்த ஆரோதான். அவருக்கும் ஒரு அத்தெஸ்ட் எடுக்கவேண்டும் என்று அஜந்தினிக்குத் தோன்றவில்லை.

ஆரோவை மற்றவர்களைவிடக் கூட நம்பவேண்டியிருந்தவள் பிரியந்தி. பக்கத்து ஊரான கிரின்ஸ்டெட்டில் வயோதிபர் இல்லமொன்றில் வேலை, அதுவும் சனிக்கிழமைகளில். கணவன் பிரிந்து லண்டனுக்குப் போய்விட்டான். ஏழு வயது மகள் சாருஜாவைக் காலையில் வகுப்பில் இறக்கிவிட்டு அப்படியே வேலைக்கு ஓடுவாள். மத்தியானம் யாராவது பிள்ளையை, மன்றத்தைச் சேர்ந்த தேவராசாவின் வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். அங்கே தேவராசாவின் மனைவி சுசீலாதேவி சோறு கொடுத்துப் படுக்க வைப்பாள். பின்னேரம் பிரியந்தி வந்து கூட்டிப்போவாள். இந்த ஏற்பாட்டில் பிரியந்திக்கு ஒரேயொரு பயந்தான் இருந்தது. அது கொமூன். பிள்ளைகளின் நலனைப் பார்ப்பதும் அதுதான். தாய் தனிய இருந்து வளர்க்கிறாள், சனிக்கிழமையில் பிள்ளை ஊரெல்லாம் திரிகிறது என்று யாராவது காதில் போட்டுவிட்டால், ஒருநாள் ரெண்டு பேர் வந்து கதவைத் தட்டி, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அப்படி யாருக்கு நடந்தது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் நடந்ததாக எல்லாரும் சொன்னார்கள்.

நவம்பரில் மழை கொட்டிய ஒரு சனிக்கிழமை, ஆரோ வரவில்லை.

சாருஜா குருசுமுத்துவின் காரில் போய்விட்டாள் என்று பஸ்தியாம்பிள்ளை நினைத்தார். ரகுராம் ஏற்றியிருப்பான் என்று குருசுமுத்து நினைத்தார். ரகுராம் சென்னையிலிருந்து காற்றாலை வேலைக்கு வந்த எஞ்சினியர். தேவராசா அண்ணா வீட்டுக்குத்தானே போகிற பிள்ளை, அவரே கூட்டிப்போயிருப்பார் என்று அவன் நினைத்தான். வழமைபோல ஆரோ கொண்டுவந்து விடுவினம் என்று நினைத்துத் தேவராசா வீட்டுக்குத் தனியே வந்ததைப் பார்த்த சுசீலாதேவி, இன்றைக்குப் பிள்ளையை வேறு யாரோ தங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போய்விட்டார்கள் என்று நினைத்துச் சோற்றை மூடிவைத்தாள். எல்லாரும் நல்லதையே நினைத்தார்கள்.

ஹோலைப் பார்த்துக்கொள்ளும் பிர்கிட், விளக்கை அணைக்கப் போனபோது சாமான் அறையில் சத்தம் கேட்டது. தேகப்பயிற்சி மெத்தைமேல் குந்தியிருந்து சாருஜா பட்மின்டன் இறகுப்பந்துகளை நிறத்துக்கு நிறம் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“உன்னை யார் கூட்டிப்போக வருகிறார்?” என்று பிர்கிட் கேட்டாள்.

“மாமா,” என்றாள் சாருஜா டெனிஷில்.

“எந்த மாமா?”

சாருஜா கையிலிருந்த இறகுப்பந்தை அடுக்கி வைத்தாள். “அது எனக்கு ஒருநாளும் தெரியாது.”

அஜந்தினி கடையில் லீக்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தபோது ரெலிபோன் அடித்தது. ஹோல் அறிவிப்புப் பலகையில் உங்கள் பெயர் இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பொறுப்பு நீங்கள்தானே என்று பிர்கிட் கேட்டாள். ஓம் என்று அஜந்தினி சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான், பதவி கிடைத்த நாளிலிருந்து அந்தக் கேள்வியை ஒருவரும் தன்னிடம் கேட்டதில்லை என்பது அவளுக்கு உறைத்தது. கூடையை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். ஓடுகிற ஓட்டத்தில் குழுவில் ஒரு செய்தி போட்டாள்: ‘சாருஜா ஹோலில தனிய நிக்கிறா. கிட்ட இருக்கிற ஆராவது உடன போங்கோ.’

ஆராவது என்றால் தான்தான் என்று அன்றைக்கென்று பார்த்து நாலு பேர் எடுத்துக்கொண்டார்கள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது ஹோல் வாசலில் நாலு கார் குறுக்கும் நெடுக்குமாக நின்றன. உள்ளே பிர்கிட் தன் கந்தோர் அறைக் கதவை முதுகால் மறித்துக்கொண்டு, கைகளைக் கட்டியபடி நின்றாள். கண்ணாடிக்குப் பின்னால் சாருஜா கறுவாப் பணிஸ் ஒன்றைத் தின்றுகொண்டு, வந்தவர்களையெல்லாம் ஆர்வத்தோடு பார்த்தாள். பிர்கிட்டுக்கு முன்னால் நாலு மாமாக்களும் நனைந்துபோய் நின்றார்கள்.

நடந்தது இதுதான். முதலில் வந்த பஸ்தியாம்பிள்ளை, கூட்டிப்போகவேண்டியது தான்தான் என்றும், சீனி வருத்தத்தால் தலைசுற்றிப் பிந்திவிட்டது என்றும் சொன்னார். பிர்கிட் கதவைத் திறக்கப் போன நேரம் குருசுமுத்து ஓடிவந்து, முழுப் பிழையும் தன்னுடையது, வழியில் ரயர் காற்றுப் போய்விட்டது என்றார். வெளியே அவருடைய கார் நாலு ரயரிலும் ஆரோக்கியமாக நின்றது. ரகுராம் வந்து, “ஆக்சுவலி, இட் வாஸ் மை டர்ன்,” என்று ஒரு ஒன்லைன் மீட்டிங்கைக் காரணம் காட்டினான். கடைசியாக வந்த தேவராசா, இவர்கள் மூன்று பேரும் பிள்ளைக்கு ஒரு உறவுமில்லை, தகப்பனின் கூடப்பிறந்த தமையன் தான்தான் என்று நெஞ்சில் கை வைத்துப் புளுகினார்.

பிர்கிட் அதுவரை பாதி திறந்திருந்த கதவைச் சாத்தினாள். “இந்தப் பிள்ளையை உங்கள் ஒருவரிடமும் தரமாட்டேன்.”

அஜந்தினியைக் கண்டதும் நாலு பேரும் அவளைச் சுவரோரம் இழுத்துக்கொண்டு போனார்கள்.

“பிள்ளை, நீ ஒண்டும் பறையாத. நாங்கள் சமாளிச்சிட்டம்,” என்றார் பஸ்தியாம்பிள்ளை.

“என்னத்தைச் சமாளிச்சனீங்கள்? அவ பொலிசுக்கு ரெலிபோன் அடிக்கப் போறா போலக் கிடக்கு.”

“ஒருத்தரும் ஏத்த வரேல்லை எண்டு தெரிஞ்சா விசயம் கொமூனுக்குப் போகும்,” என்றார் குருசுமுத்து குரலைத் தாழ்த்தி. “தாய் பிள்ளையை அநாதரவா விட்டிட்டு வேலைக்குப் போட்டா எண்டு பிரியந்தியிலதான் எழுதுவினம். அந்தப் பிள்ளை தாங்குமே? அதுதான் பழியை நான் எடுத்தனான்.”

“நான்தான் முதல்ல எடுத்தனான்,” என்றார் பஸ்தியாம்பிள்ளை.

“அக்கா, நாங்க நாலு பேரும் நாலு வெர்ஷன் சொல்லிட்டோம்,” என்றான் ரகுராம் கவலையாக. “இதுல எது பெஸ்டோ அதை நீங்க கன்ஃபர்ம் பண்ணிடுங்க.”

அஜந்தினி அவர்களை மாறி மாறிப் பார்த்தாள். ஒருவரிடமும் குடையில்லை. தேவராசா சாரத்துக்கு மேலே ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். வேறெங்கும் அடுத்தவர் பிள்ளைக்காக இப்படி நாலு பேர் நனையமாட்டார்கள். கோபப்படத்தான் நினைத்தாள். முடியவில்லை.

பிர்கிட் பின்னால் வந்து நின்றாள். “நீங்கள் சொல்லுங்கள். இன்று இந்தப் பிள்ளையைக் கூட்டிப்போக வேண்டியவர் யார்?”

நாலு பேரும் அஜந்தினியின் வாயைப் பார்த்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் சாருஜா கையசைத்தாள். தலைசுற்றைச் சொல்வதா, ரயரைச் சொல்வதா? எதைச் சொன்னாலும் மற்ற மூன்று பேரும் பொய்யர்கள். உண்மையைச் சொன்னால் பிரியந்தியின் முகத்தில் இனி எப்படி முழிப்பது?

“ஒருவரும் இல்லை,” என்றாள் அஜந்தினி டெனிஷில். “யார் கூட்டிப்போவது என்று நாங்கள் ஒருநாளும் தீர்மானித்ததில்லை. யாரோ கூட்டிப்போவார்கள் என்று விட்டுவிடுவோம். தாய் காலையில் பிள்ளையை எங்களிடம் ஒழுங்காகத் தந்துவிட்டுத்தான் போனார். அதற்குப் பிறகு பொறுப்பு நான். நான் அதைப் பார்க்கவில்லை. இவர்கள் தாயைக் காப்பாற்றத்தான் பொய் சொல்கிறார்கள். பொய் சொல்ல அவ்வளவு பழக்கமில்லை.”

நாலு மாமாக்களும் நாட்டைக் காட்டிக்கொடுத்தவளைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார்கள். பிர்கிட் கட்டியிருந்த கைகளை மெல்ல அவிழ்த்தாள்.

“இது ஒன்றுதான் எனக்கு விளங்குகிறது,” என்றாள். “ஆனாலும் கொமூனுக்கு நான் அறிவிக்கத்தான் வேண்டும். அது என் கடமை. பிள்ளையைத் தாயிடம் மட்டும்தான் கொடுப்பேன்.”

பிரியந்தி வேலை உடுப்போடு கிரின்ஸ்டெட்டிலிருந்து வந்து சேரும்வரைக்கும் நாலு பேரும் போகவில்லை. பிள்ளையைத் தரமாட்டேன் என்று சொன்னவளுடைய வாங்கிலேயே வரிசையாகக் குந்திக்கொண்டு இருந்தார்கள். பிரியந்தி உள்ளே ஓடி மகளைத் தூக்கினாள். உச்சந்தலையில் கொஞ்சினாள், ஏன் கூப்பிடேல்லை என்று முதுகில் ஒரு தட்டும் போட்டாள். பிறகு அஜந்தினியிடம் வந்தாள்.

“ஏனக்கா சொன்னனீங்கள்? அண்ணையாக்கள் எனக்காண்டி எவ்வளவு பாடுபட்டவை. ஒரு பொய் சொல்ல உங்களுக்கு வாய் வரேல்லையே?”

பதிலுக்கு நிற்காமல் பிரியந்தி பிள்ளையைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த சில நாட்கள் அஜந்தினி பல் வைத்தியர் கேட்ட கருவியை விட்டு வேறொன்றை எடுத்துக் கொடுத்தாள். பிரியந்திக்கு ரெலிபோன் அடித்தால் அவள் எடுப்பதில்லை.

கொமூனிலிருந்து லீன என்ற பெண் கிழமை நடுவில் ஹோலுக்கு வந்தாள். மன்றத்தின் சார்பில் நாலு மாமாக்களும் கழுத்துப்பட்டி கட்டி வந்திருந்தார்கள். பிரியந்தி மூலைக் கதிரையில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தாள். அஜந்தினி இருந்த பக்கம் அவள் திரும்பவேயில்லை.

லீன கனிவானவள்தான். ஆனால் சுற்றிவளைத்துப் பேசத் தெரியாதவள். “ஒரு சிறுமியைத் தான்தான் கூட்டிப்போக வேண்டும் என்று நாலு ஆண்கள் நாலு கதை சொன்னார்கள் என்று கேட்டதும் எனக்கு நெஞ்சு திடுக்கிட்டது. அதோடு விசயம் நின்றிருந்தால் அன்றைக்கே பெரிய விசாரணை தொடங்கியிருப்பேன். முதலில் தாயின் வீட்டுக் கதவைத்தான் தட்டியிருப்பேன்.”

பஸ்தியாம்பிள்ளை தன் கழுத்துப்பட்டியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டார்.

“பிறகு ஐந்தாவது ஆள் சொன்னதையும் கேட்டேன்,” என்றாள் லீன. பிரியந்தியின் பக்கம் திரும்பினாள். “உங்கள்மேல் எங்களுக்கு ஒன்றுமில்லை. நீங்கள் பிள்ளையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தீர்கள்.” மற்றவர்களைப் பார்த்தாள். “நீங்கள்தான் கை நீட்டி வாங்கவில்லை.”

பிரியந்தியின் கைப்பை மடியிலிருந்து சரிந்து விழுந்தது. அதை அவள் எடுக்கவில்லை.

“இனி வகுப்பு முடிந்த பிறகு யார் பொறுப்பு?” என்று லீன கேட்டாள்.

பஸ்தியாம்பிள்ளை எழுந்தார். இதற்கென ஐவர் கொண்ட உபகொமிற்றி ஒன்றை அமைத்து, அதற்கு ஒரு இணைப்பாளரையும், இணைப்பாளருக்கு ஒரு பதிலாளையும் நியமிக்கலாம் என்று முன்மொழிந்தார். வழிமொழியத் தேவராசா கை தூக்கினார். அஜந்தினி அதை டெனிஷில் சொல்லி முடிப்பதற்குள் லீன தலையை ஆட்டிவிட்டாள்.

“குழு வேண்டாம். ஒரு ஆளைச் சொல்லுங்கள்.”

இந்த முறை அஜந்தினி குசினியில் இல்லை.

“நான்,” என்றாள். “கடைசிப் பிள்ளை போகும்வரைக்கும் நான் வாசலில் நிற்பேன். ஆரோடு போகிறாய் என்று ஒவ்வொரு பிள்ளையையும் கேட்பேன். அந்தப் பிள்ளை ஒரு பெயர் சொல்லவேண்டும், அந்த ஆள் என் முகத்தைப் பார்த்து ஓம் என்று சொல்லவேண்டும்.”

“உனக்கு வருத்தம் கிருத்தம் வந்து நீ படுத்தா?” என்றார் குருசுமுத்து.

“அதுக்கு நீங்கள் ஒரு ஆளைச் சொல்லுங்கோ அண்ணை.”

குருசுமுத்து ரெண்டு பக்கமும் பார்த்தார். தொண்டையைச் செருமினார். “வேற ஆர்? நான்தான். எனக்குத்தானே அத்தெஸ்ட் கிடக்கு.”

“எங்க எல்லாருக்கும் இருக்கு சார்,” என்றான் ரகுராம்.

லீன போனபிறகு எல்லாரும் கதிரைகளை அடுக்கினார்கள். பிரியந்தி நடுவில் வந்து நின்றாள். கூட்டத்தில் கதைத்துப் பழக்கமில்லாதவள். எங்கள் ஆட்கள் நன்றி என்ற சொல்லை மேடைக்கும் அழைப்பிதழுக்கும் என்று ஒதுக்கி வைத்திருப்பவர்கள். வீட்டு மனிதர்களுக்கு அதைச் சொன்னால் சண்டை பிடித்ததாக அர்த்தம். ஆகவே அவள் வேறு வழியாகத் தொடங்கினாள்.

“அண்ணையாக்கள், எனக்கெண்டு கூடப்பிறந்தது ஒண்டும் இந்த நாட்டில இல்லை. எனக்காண்டி நாலு பேர் வந்து பொய் சொன்னியள். அதை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன்.” மூக்கை உறிஞ்சினாள். “இனிமேல் சொல்லாதேங்கோ. உங்களுக்குச் சொல்லத் தெரியாது.”

தேவராசா சிரித்துவிட்டார். பஸ்தியாம்பிள்ளை மட்டும், “என்ர பொய் அவ்வளவு பிழையில்லை,” என்று முணுமுணுத்தார்.

பிரியந்தி கிட்ட வந்து, அஜந்தினி தூக்கிக்கொண்டிருந்த கதிரையின் மற்றப் பக்கத்தைப் பிடித்தாள். ரெண்டு பேருமாகக் கொண்டுபோய் அடுக்கினார்கள். ஒரு ஆள் தூக்கக்கூடிய கதிரைதான்.

அந்தச் சனிக்கிழமையிலிருந்து அஜந்தினி வாசலில் நின்றாள். முதலில் எல்லாருக்கும் அது எரிச்சல். “மாமா எண்டு மட்டும் சொன்னாக் காணாதே?” என்று தேவராசா புறுபுறுத்தார். போதாது என்றாள் அஜந்தினி. ‘ஆரோட போறாய்?’ என்று கேட்க, பிள்ளைகள் முதல்முறையாக மாமாக்களின் முழுப்பெயர்களைப் பாடமாக்கத் தொடங்கினார்கள். பஸ்தியாம்பிள்ளையின் பெயரைச் சரியாகச் சொன்ன, டெனிஷ் பேசி வளர்ந்த முதல் வாய் சாருஜாவுடையது. அவர் அன்றைக்கு முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லித் திரிந்தார்.

கிரின்ஸ்டெட்டிலிருந்து பிரியந்தி ஒவ்வொரு சனிக்கிழமையும் ரெலிபோன் எடுத்தாள். வயோதிபர்களுக்குச் சாப்பாடு கொடுக்கிற நேரத்தில் களவாக எடுப்பாள். பின்னால் கரண்டிச் சத்தம் கேட்கும்.

“அக்கா, ஏறீட்டாளோ?”

“ஓம், குருசுமுத்து அண்ணையோட. பெல்ற் போட்டாச்சு.”

“சரி,” என்று வைத்துவிடுவாள். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாளா என்று பிறகும் ஒருமுறை எடுப்பாள். சில நாள் அதற்குப் பிறகும் எடுப்பாள். அஜந்தினி ஒருநாளும் சலித்துக்கொள்ளவில்லை. கேட்கிற உரிமை அவளுக்கு உண்டு, பதில் சொல்கிற கடமை தனக்கு உண்டு என்று நினைத்தாள்.

தை மாதம். பனி நன்றாகக் கொட்டியிருந்தது. கடைசிப் பிள்ளையும் போய், ஹோலைப் பூட்டி, காரின் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோதுதான் அஜந்தினிக்கு நினைவு வந்தது, அன்றைக்கு ரெலிபோன் அடிக்கவேயில்லை. எடுத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. ரோட்டு முழுக்க வழுக்கல். பிரியந்திக்குக் காலையில் போகிற வழியில் ஏதும் ஆகிவிட்டதோ? கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டு அவளே ரெலிபோன் அடித்தாள்.

நீண்ட நேரம் அடித்த பிறகுதான் பிரியந்தி எடுத்தாள். பின்னால் அதே கரண்டிச் சத்தம்.

“என்னக்கா, ஏதும் பிரச்சினையோ?”

“எனக்கொண்டும் இல்லை. உனக்குத்தான் என்னவோ எண்டு அடிக்கிறன். இண்டைக்கு நீ எனக்கு ரெலிபோன் எடுக்கேல்லை.”

“ஏன் எடுக்கவேணும்?” என்றாள் பிரியந்தி. அவளுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. “அங்க நீங்கள் நிக்கிறியள்தானே?”